வெயிலில் எழுந்த கூரை

என் மேசை இழுப்பறையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு தகடு கிடக்கிறது. பழுப்பு நிறம். இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றோடொன்று உரசாமல் கோத்து வைத்தது போல, அதன் மேல் செம்புக் கோடுகள். நடுவில் காய்ந்துபோன ஒரு சிவப்புக் கறை. இதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுகிறவன் இல்லை நான். வேறு எதையாவது தேடும்போது கையில் தட்டுப்படும். உடனே கோபம் வரும். இதைச் செய்தவர் என் அக்காவின் கணவர். மச்சான் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மேல் எனக்கிருக்கும் கோபம் மட்டும் போகவில்லை.

தொண்ணூறுகளின் பாதியில் நான் அமெரிக்காவில், டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் ஒரு டெலிபோன் கருவிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். கொஞ்ச காலம் கழித்து மச்சானும் வந்தார். கோவையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர், எஞ்சினியரிங் படித்தவர். டாலஸுக்கு வடக்கே பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எலெக்ட்ரிக்கல் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. ஊரில் இருந்த பட்டறையை மூடிவிட்டு அக்காவோடு விமானம் ஏறினார். கிரீன் கார்டுக்கு ஒர்க்‌ஷாப் ஓனர்தான் அப்ளை பண்ணியிருந்தார். அந்த வேலை போனால் கிரீன் கார்டும் போகும், தங்கவும் முடியாது. எங்கள் அப்பார்ட்மென்ட்டில் இருந்த பாதிப் பேருக்கு அதே நிலைமைதான். வேலையைத் திட்டுவோம், விட மாட்டோம்.

அந்த ஓனர் நிலம் விற்றுப் பணக்காரரான ஒரு கிழவர். ஏதோ ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து கூரையை மடக்கித் திறக்கும் ஒரு கன்வெர்ட்டிபிளை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஐம்பதுகளில் கண்காட்சிக்கென்று ஒன்றே ஒன்று செய்து, விற்பனைக்கு வராமலே போன கான்செப்ட் கார். முன்பக்கம் ஜெட் விமானத்தின் வாய் போல இருக்கும். ஹெட்லைட் எங்கே என்று தேட வேண்டும், பட்டனைத் தட்டினால் அந்த வாய்க்குள்ளிருந்து சுழன்று வெளியே வரும். பின்னால் இரண்டு வால் துடுப்புகள். முன்கண்ணாடி இரண்டு பக்கமும் வளைந்து ஓடும். டயர் மாற்றக் குனிய வேண்டாம், வண்டிக்குள்ளேயே ஜாக்கி உண்டு. இதெல்லாம் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு. மச்சானுக்குப் பிடித்தது கூரைதான். இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு சின்னத் தகடு. அதன் செம்புக் கோடுகளை ஒரு சொட்டு மழை இணைத்தால் போதும். பின்னால் இருக்கும் மூடி திறந்து, மடங்கிக் கிடக்கும் கூரை தானாக எழுந்து வந்து மூடிக்கொள்ளும். பழைய தகடு இற்றுப் போயிருந்தது. மச்சான் புதிதாக ஒன்று செய்தார். அது முதல் தடவை வேலை செய்த அன்று எனக்கு போன் போட்டார். "ஆள் இல்லாட்டியும் வண்டி தன்னைத் தானே பார்த்துக்கும் மாப்ள" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணமான புதிதில் மச்சானின் அண்ணன் புது லாரி வாங்கினார். புது மருமகள்தானே என்று ஆரத்தித் தட்டை அக்கா கையில் கொடுத்தார்கள். அந்த வாரமே லாரி கவிழ்ந்தது. டிரைவர் தூங்கிப்போனான், அதுதான் காரணம். ஆனால் அவள் மாமியார், ராசியில்லாத கை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதன் பிறகு எந்த விசேஷத்திலும் அக்கா கையில் யாரும் தட்டைக் கொடுக்கவில்லை. அவளும் சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை. படித்தவள், கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனாலும் அதை நம்பிவிட்டாள். இந்த மாதிரி பேச்சைப் பேசுகிற வாய்களை எனக்கு இன்றைக்கும் மன்னிக்க முடியாது.

வண்டி தயாரானதும் கிழவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருந்து வைத்தார். பூஜை போடாமல் எங்கள் ஊரில் வண்டியை எடுக்க மாட்டோம் என்று மச்சான் எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்திருந்து, அதையும் செய், விருந்தாளிகள் பார்க்கட்டும் என்றார். வேடிக்கைக்குத்தான். மச்சான் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டைக் கொண்டுபோய் அக்காவிடம் நீட்டினார். அவள் பின்னால் நகர்ந்தாள். "இங்க யாரு உன்னைக் கேக்கப் போறா? நீயே சுத்து" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள். முகம் அப்படி மலர்ந்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஊர்வலத்தில் போகிற மாதிரி கிழவர் பின்பக்க மூடியின் மேல் ஏறி உட்கார்ந்து கை ஆட்டிக்கொண்டிருந்தார். அக்கா சுற்றி முடித்து, விரலைத் தட்டில் தோய்த்து பானெட்டில் பொட்டு வைத்தாள். பிறகு குனிந்து ஸ்டியரிங் நடுவிலும் ஒன்று வைத்தாள். கையை எடுக்கும்போது விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு சீட்டுகளுக்கு நடுவில் இருந்த தகட்டில் விழுந்தது. மழைத் தண்ணீரை விட மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். வானத்தில் மேகமே இல்லை. கூரை கிளம்பிவிட்டது.

கிழவரோடு சேர்ந்து மூடி எழுந்தது. அவர் சறுக்கி, தொப்பி ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக சீட்டில் விழுந்தார். அவர் கனத்தில் கீல் வளைந்தது, பெயின்ட் பெயர்ந்தது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் கூட்டம் சிரித்துவிட்டது. குதிரை முதலாளியைத் தள்ளிவிட்டது என்று ஒருவர் சொல்ல, இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். மச்சான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். தகட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சட்டென்று கைக்குட்டையை அதன் மேல் போட்டு மூடினார். என்ன ஆச்சு என்று கிழவர் கத்தினார்.

"மை வயரிங், சார். மை மிஸ்டேக்."

மறுநாள் வேலை போய்விட்டது. பொருளையெல்லாம் எடுத்துக்கொண்டு வர நானும் கூடப் போனேன். காரில் வரும்போது கேட்டேன்: "எதுக்குங்க மச்சான் பொய் சொன்னீங்க? தண்ணி பட்டுருச்சுன்னு சொல்லியிருந்தா அந்தாள் ரெண்டு நாள் கத்திட்டு விட்டிருப்பான். பூஜை போடச் சொன்னதே அவன்தானே?" அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவ கையால ரெண்டாவது வண்டி மாப்ள. தெரிஞ்சா உங்கக்கா செத்துருவா." பிறகு சட்டைப் பையிலிருந்து இந்தத் தகட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். வீட்டில் இருந்தால் அவள் கண்ணில் படும், நீயே வைத்துக்கொள் என்றார்.

ஊருக்குத் திரும்பிப் போனார்கள். ஒரு காலத்தில் பட்டறை வைத்திருந்தவர், இன்னொருவர் பட்டறையில் காயில் கட்டினார். அமெரிக்கா போனதும் அக்காவுக்குத்தான் மாமியார் வீட்டிலிருந்து விடுதலை கிடைத்திருந்தது. அது போன வலியை எல்லாம் அவர் மேல்தான் கொட்டினாள். சாம்பாரில் உப்பு கூடினாலும், மின்சாரம் போனாலும், "ஒரு வயரை ஒழுங்காக் கட்டத் தெரியாத மனுசன்" என்பாள். சொந்தக்காரர்கள் முன்னாலும் சொல்வாள். நான் லீவில் போயிருந்தபோது என் காதுபடச் சொன்னாள். மச்சான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வாய் வரை வந்தது. அவர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார், விழுங்கிக்கொண்டேன். சாகிற வரைக்கும் இதே கதைதான். இது என்ன பெருந்தன்மை? வாழ்நாள் முழுக்கத் திட்டு வாங்கிக்கொண்டு சாவது நல்லதென்று யார் சொன்னார்கள்?

போன வருடம் அக்காவை, இப்போது நான் குடியிருக்கும் ஆலன் ஊருக்கு அழைத்து வந்து என்னோடு கொஞ்ச நாள் வைத்திருந்தேன். நான் புது வண்டி வாங்கிய சமயம். என் மனைவி தட்டைக் கரைத்துக்கொண்டு வந்தாள். அதை வாங்கி அக்காவிடமே கொடுத்தேன். தாலி இல்லாதவள் எடுக்கக் கூடாது என்று அவளே சொன்னாள். எடுக்கா, எவன் கேட்கிறான் பார்க்கிறேன் என்றேன். சுற்றினாள். பானெட்டில் பொட்டு வைத்தாள். விரலை உதறியபோது கண்ணாடி மேல் நாலு துளி தெறித்தது. வைப்பர் தானாக ஒரு தரம் எழுந்து துடைத்துவிட்டுப் படுத்தது.

"மழையே இல்லையேடா" என்றாள்.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன், எந்தத் தண்ணி பட்டாலும் ஓடும் அக்கா என்று. அவள் தன் விரலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "அன்னைக்கு அந்த வண்டிக்குள்ள குனிஞ்சு பொட்டு வெச்சேனே?" என்றாள்.

"அது வயரிங் தப்புக்கா. மச்சானே சொன்னாரில்ல? அவருக்கு ஒரு வயர் ஒழுங்காக் கட்டத் தெரியாதுக்கா."

அவள் தட்டில் மீதி இருந்ததை மரத்தடியில் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு அவள் வாயிலிருந்து அந்த வயர் பேச்சு மட்டும் வரவே இல்லை.

அவள் ஊருக்குக் கிளம்பும் வரை இழுப்பறையைப் பூட்டி வைத்திருந்தேன். இப்போது பூட்டு இல்லை. ஈரத் துணியால் ஒரு தரம் துடைத்தால் தகட்டின் கறை போய்விடும். நான் துடைக்கவில்லை.