அக்கா வைத்த அடி

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் மகள் ஈரோட்டிலிருந்து போன் செய்து சொல்லிவிட்டாள். நீளமாகப் பேசுகிறவர்களை அக்காவுக்குப் பிடிக்காது. நான் டீச்சர் வேலை பார்த்தவள், நீளமாகப் பேசுகிறவள். இருந்தும் என்னைத் தன் எழுபது வயது வரை பொறுத்துக்கொண்டார். இந்தக் கட்டுரையையும் பொறுத்துக்கொள்வார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது அவிநாசிக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு மில் வேலை. அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. அரிசி டிரம்மைத் துடைத்து எடுக்க விடமாட்டார். புது மூட்டை வந்து கொட்டுகிற வரைக்கும் அடியில் ஒரு பிடியாவது கிடக்க வேண்டும். அதற்குப் பெயர் 'அடி'. அடி தெரியும்படி வழித்தெடுத்தால் அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். ஒருமுறை விருந்தாளி வந்த நேரத்தில் நான் வழித்து உலை வைத்துவிட்டேன். விருந்தாளி போகும் வரை சிரித்துக்கொண்டிருந்த அம்மா, அவர் தெருமுனை தாண்டியதும் என்னைப் பிடித்துக்கொண்டார். அக்கா மட்டும் அந்தத் தப்பை ஒரு நாளும் செய்ததில்லை.

கோவையில் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் யாரும் எதிர்பாராத தொழில். அக்காவின் மாமனார் காலத்திலிருந்து அவர்களுக்குத் துப்பாக்கிக் கடை. லைசென்ஸ் உள்ளவர்களுக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் விற்கிற, பழுது பார்க்கிற கடை. மலையடிவாரத்து விவசாயிகளும் வங்கிக் காவலர்களும் எஸ்டேட்காரர்களும்தான் வாடிக்கை. அக்காவின் வீட்டுக்காரர் இளம் வயதிலேயே மாரடைப்பில் போய்விட்டார். மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கடையை விற்றுவிடச் சொல்லாத உறவு இல்லை. நானும் சொன்னேன். அக்கா கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த புதிதில் ஒன்றும் தெரியாது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் தோட்டாவையும் ரவை என்றே சொல்வார்கள். ஒரு விவசாயி வந்து, "ரவை இருக்குதுங்களா அம்மணி?" என்று கேட்டிருக்கிறார். அக்கா மரியாதையாக, மளிகைக் கடை அடுத்த கதவுங்க என்று கை காட்டிவிட்டார். பாவம், அவரும் அம்மணி ஏதோ காரணமாகத்தான் சொல்கிறார் என்று அங்கே போய்க் கேட்டு, மளிகைக்காரர் கட்டிக் கொடுத்த ரவைப் பொட்டலத்தோடு திரும்பி வந்து நின்றார்.

"இதைய வெச்சு பன்னிய என்னங்க பண்றது?"

அன்றைக்கு ஆரம்பித்த சிரிப்பு எங்கள் குடும்பத்தில் இன்றுவரை ஓயவில்லை. அக்கா வீட்டில் உப்புமா கிண்டினால், லைசென்ஸ் இருக்கிறதா என்று யாராவது கேட்காமல் இருந்ததில்லை.

அதே முதல் வருடத்தில் நடந்த இன்னொன்றை அக்கா சிரித்துச் சொன்னதில்லை. எஸ்டேட்காரர் ஒருவர் காலையில் வந்து, இருந்த தோட்டா அத்தனையையும் லைசென்ஸில் பதிந்து வாங்கிப் போனார். நல்ல வியாபாரம் என்று அக்காவுக்குப் பெருமை. மத்தியானம் அடிவாரத்திலிருந்து ஒரு வயதானவர் வந்தார். இரண்டு பஸ் மாறி வந்தவர். அக்கா இல்லீங்க என்றார். அவர் செரிங்க அம்மணி என்று சொல்லி, தண்ணீர் வாங்கிக் குடித்து, படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் கடைக்கு வரவே இல்லை. வேறு கடைக்குப் போயிருப்பார் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். இருக்கலாம் என்பார் அக்கா.

அன்றிலிருந்து கடையிலும் ஒரு அடி வந்துவிட்டது. அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு தோட்டாப் பெட்டி. சரக்கு எவ்வளவு தாராளமாக வந்தாலும் அதைத் தொடமாட்டார். கடையில் வேலை பார்த்த தம்பி அதற்கு 'அம்மா பெட்டி' என்று பெயர் வைத்திருந்தார். நல்ல காலத்தில் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

உறுத்தியது ஊரடங்கு முடிந்த காலத்தில்தான். கடைகள் திறந்துவிட்டன, தோட்டா வரவில்லை. கம்பெனியில் கேட்டால் அடுத்த வாரம் என்பார்கள். அந்த அடுத்த வாரம் மாதக்கணக்கில் நீண்டது. அதே சமயம் மலையடிவாரத்தில் மக்காச்சோளம் கதிர் பிடித்து நிற்கிறது. காட்டுப்பன்றி கூட்டமாக இறங்குகிறது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தால்தான் ஓடும். விவசாயிகள் கடை வாசலில் வந்து நின்றார்கள். அக்கா யாருக்கும் கேட்டதைக் கொடுக்கவில்லை, யாரையும் வெறுங்கையாகவும் அனுப்பவில்லை. பெரிய தோட்டம், சின்னத் தோட்டம் என்று பார்க்காமல், இருந்த கையிருப்பில் ஆளுக்குக் கொஞ்சம். அதிலும் சிலர் சண்டை போட்டார்கள். அக்கா எழுந்து நின்று கேட்டுக்கொண்டு, அதே கொஞ்சத்தையே கொடுத்தார்.

இப்போது எழுதப்போவது இந்த மலரை வாங்கிப் படிக்கும் உறவினர்கள் பலருக்கும் தெரிந்த விஷயம். தெரியாதது போல விட்டுவிட்டுப் போனால் அக்காவைப் பற்றி எழுதியதாகாது. எங்கள் தோட்டத்து மாமா, அதாவது என் கணவரின் அண்ணன், தடாகம் பக்கம் சோளம் போட்டிருந்தார். சம்பந்தி உறவு இருக்கிறது என்ற உரிமையில் கோவை கணபதி பகுதியில் இருந்த அக்கா வீட்டுக்கே வந்தார். கடைக்கு வாங்க மாமா என்று அக்கா காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் கடைக்கு வந்தார். எல்லோருக்கும் கொடுத்த அளவுதான் அவருக்கும். மாமா கீழ்த்தட்டைப் பார்த்துவிட்டார்.

"அது ஆருக்கு அம்மணி?"

"இன்னும் வராதவங்களுக்குங்க மாமா."

மாமா எழுந்து போய்விட்டார். அந்த வாரத்திலேயே பன்றி இறங்கி அவருடைய சோளத்தில் பெரும்பகுதி நாசமாயிற்று. கதிர் பிடித்த பயிர் மண்ணில் புரண்டு கிடந்ததை நான் போய்ப் பார்த்தேன். மாமா வரப்பில் குனிந்து முறிந்த கதிர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு நேராக அக்கா வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். வராதவர்களுக்காக வந்தவர்களைத் தவிக்க விடுவது என்ன நியாயம் என்று கேட்டேன். எப்போதும் எடுக்கக்கூடாத பெட்டி கடையில் எதற்கு, பூஜை அறையில் வைத்துவிடலாமே என்றும் சொன்னேன். அக்கா சேலை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்துவிட்டு, எடுக்க வேண்டிய அன்னைக்கு எடுப்பேன் என்றார். அது எந்த நாள் என்று கேட்டதற்கு, தெரியாது என்றார். அவருக்கே தெரியாது என்பது எனக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது.

அந்த நாள் சீக்கிரமே வந்தது. ஆனைகட்டி சாலைப் பக்கம் காட்டுக்குள்ளே தனியாகச் சாளை, அதாவது குடிசை, போட்டுக் குடியிருந்த கணவனும் மனைவியும் மொபெட்டில் கடைக்கு வந்தார்கள். யானை வந்து அரிசி மூட்டை வாசனைக்குச் சாளைச் சுவரை இடித்துத் தள்ளியிருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் அவர்களும் குழந்தையும். தகரத்தைத் தட்டித் துரத்தியிருக்கிறார்கள். யானை போய்விட்டது, ஆனால் இன்னும் அந்தப் பக்கத்திலேயே சுற்றுகிறது. இதையெல்லாம் கடைத் தம்பிதான் எனக்குச் சொன்னார். அக்கா லைசென்ஸை வாங்கிப் பார்த்தார். பதிந்தார். பிறகு குனிந்து கீழ்த்தட்டுப் பெட்டியைத் தானே எடுத்துப் பிரித்தார். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த சொற்பத்தை மறுபடி அதே பெட்டியில் போட்டு அதே இடத்தில் வைத்தார்.

செய்தி மாமாவின் காதுக்குப் போகாமல் இருக்குமா? அவர் கடைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். யாரோ முன்பின் தெரியாதவர்களுக்குத் திறந்த பெட்டி சொந்தக்காரனுக்குத் திறக்கவில்லையே என்று கேட்டார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

அக்கா சொன்னார்: "உங்களுக்குப் பயிர் போச்சுங்க மாமா. என்ற மனசும் ஆறலீங்க. ஆனா திரும்ப வெதைக்கலாமுங்க. அவங்களுக்கு ஊட்டுச் செவுரு போச்சு. உள்ள கொழந்தை படுத்திருந்துச்சுங்க."

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பிறகு அவிநாசியில் நடந்த ஒரு கல்யாணத்தில் அக்காவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். அக்கா அதற்காக அழுததை நான் பார்த்தேன். கடை வாசலில் அத்தனை பேர் போட்ட சண்டைக்கு அழாதவர் அன்றைக்கு அழுதார். எனக்கோ, இன்றுவரை, மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. அக்கா செய்ததெல்லாம் சரி என்று எழுதினால், அவரே இதைக் கிழித்துப் போடுவார்.

அக்காவுக்கு வயிற்றில் நோய் வந்தது. மருத்துவர்கள் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டு வீட்டுக்கு அழைத்துப்போகச் சொன்னார்கள். சேதி கேட்டு மாமா இளநீர்க் குலையோடு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெகுநேரம் இளநீரின் தண்ணீர்ப் பதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். கிளம்பும்போதுதான் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"நீ அன்னைக்குக் குடுத்ததுல ரெண்டு தோட்டா இன்னும் கெடக்குது அம்மணி. பன்னி எறங்குன அன்னைக்கு ராத்திரி அது சோளக்காட்டுல புரண்டுட்டு இருக்குது, நான் அந்த ரெண்டையும் சுடாம கையில வெச்சுட்டு நிக்கறேன். இதையும் சுட்டுப்போட்டா நாளைக்கு என்ன பண்றதுன்னு. அப்பத்தான் உன்ற பெட்டி ஞாபகம் வந்துச்சு."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு மாமா வராத நாள் இல்லை.

கடைசி நாட்களில் ரவைக் கஞ்சி ஒன்றுதான் இறங்கியது. ஒரு சாயங்காலம் அக்கா கண்ணைத் திறந்து, ரவை எவ்வளவு இருக்குது கண்ணு என்று கேட்டார். இந்த நிலையிலும் கடை ஞாபகம் போகவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். கடைத் தம்பிக்குப் போன் போட்டு விசாரித்து, சரக்கெல்லாம் நிறைய வந்திருக்கிறது, அடிப் பெட்டியும் அப்படியே இருக்கிறது, நிம்மதியாக இருங்கள் என்று அழுதுகொண்டே சொன்னேன்.

"நான் அடுப்படியில கேட்டனுங்க டீச்சர்" என்றார் அக்கா.

அக்கா சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. சமையலறை டின்னில் பார்த்தேன். ஒரு பிடிதான் கிடந்தது. அதையே கஞ்சி வைத்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம், யாராச்சும் வந்தா வேணும் என்று சொல்லிவிட்டார். மாமா எழுந்து மளிகைக் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். அதில் வைத்த கஞ்சியை இரண்டு மூன்று வாய் குடித்தார். மறுநாள் விடிந்த பிறகு, மகளின் மடியில் தலை வைத்தபடி போய்விட்டார்.

அக்காவின் மருத்துவர்களுக்கும், வீட்டுக்கு வந்து ஊசி போட்டுத் தலைவாரியும் விட்ட செவிலியர் பெண்ணுக்கும், அக்கா படுத்த பிறகும் கடையை ஒரு நாளும் பூட்டாத தம்பிக்கும், காரியங்கள் முடியும் வரை எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சாப்பாடு அனுப்பிய கணபதி அக்கம்பக்கத்தாருக்கும், முதல் நாளிலிருந்து அக்காவின் சிரிப்பில் பங்கு வைத்திருந்த மளிகைக் கடைக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவைத் தோளில் சுமந்த தோட்டத்து மாமாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். அதனால் சொல்லவில்லை.

மகளுக்கு ஈரோட்டை விட்டு வர முடியாததால் கடையைத் தொடர வழியில்லை. சட்டப்படி சரக்கு முழுவதையும் வேறொரு கடைக்கு ஒப்படைத்தோம். கீழ்த்தட்டுப் பெட்டியும் போயிற்று. அலமாரி துடைத்த மாதிரி காலியாக இருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

இந்த மலரின் முகப்பில் 'இறைவனடி சேர்ந்தார்' என்று போட்டிருக்கிறார்கள். அச்சுக்கூடத்தில் அந்த வரியைச் சரிபார்த்தபோது எனக்குச் சாமியின் பாதம் நினைவுக்கு வரவில்லை. அக்கா வீட்டிலிருந்து நான் கேட்டு வாங்கி வந்த ஒரே பொருளான அந்த ரவை டின்தான் நினைவுக்கு வந்தது. ஒரு வருடமாக அதன் மேலேயே புதிது வாங்கிக் கொட்டுகிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் அதிலிருந்துதான் உப்புமா. அடி தெரிய ஒரு நாளும் எடுத்ததில்லை.

நீங்களும் வாருங்கள். அக்கா வைத்துவிட்டுப் போன அந்த ஒரு பிடி இன்னும் கீழேதான் இருக்கிறது.