ரிலீவர் வராமல் யாரும் போகக் கூடாது

கம்பெனி ஹாக்கி டீமுக்கு மேனேஜராக இருப்பது கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற வேலை மாதிரி: சாப்பாடு நன்றாக இருந்தால் சமையல்காரருக்குப் பேர், உப்பு குறைந்தால் நமக்கு ஏச்சு. ஆபீஸ் டூருக்கு பஸ் பிடித்துக் கொடுத்தவர்கள், அபார்ட்மென்ட் சங்கத்துக்குச் செயலாளர் ஆகி மாட்டிக்கொண்டவர்கள், பள்ளி ஆண்டு விழாவுக்கு மைக்செட் ஏற்பாடு செய்தவர்கள் எல்லாருக்கும் நான் சொல்வது புரியும். நாமெல்லாம் ஒரே கட்சி.

ஓசூரில் வண்டிகளுக்கு கியர் செய்கிற ஒரு கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். ஹாக்கி ஸ்டிக்கை எந்தப் பக்கம் பிடிப்பது என்று எனக்குத் தெரியாது. அதனால் யார் பக்கமும் சாய மாட்டேன் என்று நினைத்து என்னை மேனேஜர் ஆக்கிவிட்டார்கள். எங்கள் டீமில் பாதிப் பேர் கோவில்பட்டிக்காரர்கள், சிலர் ஒடிசா, மிச்சம் கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கம். எல்லாரும் கான்ட்ராக்ட். காலையில் பாதி ஷிப்ட் மெஷின், அப்புறம் மைதானம். பெங்களூரில் கம்பெனி அணிகளுக்காக வருஷா வருஷம் நடக்கிற லீக்கில் முதல் சுற்றிலேயே தோற்று, வழியில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது எங்கள் வழக்கமாக இருந்தது. அந்த டீமா இது என்று நான் வாய் பிளந்து நின்ற ஒரு வருஷத்தின் கதை இது.

கப் அல்லது மார்ச்

புதிதாக வந்த பிளான்ட் ஹெட் மேடம் கோயம்புத்தூர்க்காரர். மரியாதை குறையாமல் மண்டையில் குட்டுவதில் கெட்டிக்காரர். வந்த முதல் மாதமே கேப்டன் செல்லத்துரையையும் கோச் பெள்ளியப்பாவையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். பெள்ளியப்பா குடகுக்காரர், பழைய ஆட்டக்காரர், பேச்சில் கன்னடம் முக்கால், தமிழ் கால். செல்லத்துரை கோவில்பட்டி. வயது முப்பத்து மூன்று. நடுவில் நின்று எதிராளியின் முக்கியமான ஆட்டக்காரனை மறிப்பது அவர் வேலை. ராயக்கோட்டை ரோட்டில் நாலு பேரோடு ஒரு ரூமில் இருந்தார். மனைவியும் இரண்டாம் வகுப்பு படிக்கிற மகளும் ஊரில். வேலை பர்மனென்ட் ஆனால்தான் இங்கே ஒரு வீடு பிடித்து அவர்களை அழைத்து வர முடியும். அடுத்த வருஷம் இந்த வயதுக்கு எந்தக் கம்பெனியும் அவரை ஆட்டத்துக்காக எடுக்காது. இது எங்கள் நாலு பேருக்குமே தெரியும்.

மேடம் எதையும் சுற்றி வளைக்கவில்லை. எதிரே இருந்த டீயைக்கூடத் தொடாமல் சொன்னார்: "கப் வந்தா பதினெட்டு பேருக்கும் பர்மனென்ட் ஆர்டர்ல நானே கையெழுத்துப் போடறனுங்க. வரலைன்னா மார்ச்சோட டீம் இல்லீங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

எல்லையில் பதினெட்டு ஸ்டிக்

ஓசூரில் எங்களுக்குக் கிடைத்தது செம்மண் மைதானம். லீக் நடப்பதோ செயற்கைப் புல் தரையில். அதனால் வாரம் இரண்டு நாள் விடிவதற்குள் கிளம்பி, பெங்களூரில் வாடகைக்கு எடுத்த டர்ஃபில் பழக வேண்டும். ஓசூரிலிருந்து பெங்களூர் போகிற உங்களுக்கு நான் டிராஃபிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஒரு நாள் மாநில எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளிக்கு முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. முன்னால் லாரி, பின்னால் லாரி, பக்கத்தில் கம்பெனி பஸ்கள். டர்ஃப் எங்களுக்கு ஒரு மணி நேரம்தான். நான் கடவுளை வேண்டிக்கொண்டிருந்தேன். பெள்ளியப்பா கதவைத் திறந்து, "எல்லாரும் இறங்கு" என்றார்.

பதினெட்டு பேரும் ஸ்டிக்கோடு இறங்கி, சர்வீஸ் ரோட்டில் ஓட ஆரம்பித்தார்கள். செல்லத்துரை முன்னால். டிராஃபிக் விட்ட பிறகு நான் பஸ்ஸில் போய்ப் பிடிப்பதற்குள் அவர்கள் எல்லையைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தார்கள். ஒருவர்கூட நடக்கவில்லை. ஏறி உட்கார்ந்து, மூச்சு அடங்குமுன் ஸ்டிக்குக்கு டேப் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் எனக்கு முதல் முறையாகப் பயபக்தி வந்தது. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து பதினெட்டு பேர் கட்டையோடு கர்நாடகாவுக்குள் ஓடி வந்தால் பார்க்கிறவர்களுக்கு வேறு மாதிரிதானே தோன்றும்? நான் அவர்களைப் பிடிப்பதற்கு முன்பே, எல்லைச் சாவடியில் நின்ற போலீஸ்காரர் எங்கள் பஸ்ஸை நிறுத்தி, ஜன்னல் வழியாக என்னிடம் கேட்டார்: "ஏனு சார் கலாட்டா? இவ்ளோ பேர் யாரை அடிக்கப் போறாங்க?"

ஷிப்ட் முடிந்தது

லீக்குக்கு முன்னால் ஒரு பயிற்சி ஆட்டத்துக்கு பெங்களூர் பேங்க் டீம் ஒன்றை எங்கள் மைதானத்துக்கு அழைத்திருந்தோம். போன வருஷ சாம்பியன்கள். அவர்களோடு மூன்றாவது கால்பகுதி வரை சமமாக ஆடினோம். நான் பெருமை தாங்காமல் மேடத்துக்கு போன் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியது.

ஹாக்கியில் கால்பகுதி முடிவதற்கும் சங்குதான். ஆனால் அதற்கு இன்னும் நேரம் இருந்தது. எங்கள் பதினோரு பேரும், கோல்கீப்பர் உட்பட, ஒரே நேரத்தில் ஸ்டிக்கைக் கீழே இறக்கிவிட்டு நெற்றியைத் துடைத்தார்கள். ஒருவர் கிளவுஸையே கழற்றிவிட்டார். வருஷக்கணக்கில் மெஷினில் நின்ற கை, சங்கு கேட்டால் தானாக வேலையை நிறுத்திவிடுகிறது. அம்பயர் விசில் ஊதவே இல்லை. பேங்க் டீம் ஆள் ஒருவன் தயங்கித் தயங்கிப் பந்தைத் தள்ளிக்கொண்டு போய், காவலில்லாமல் நின்ற கோலுக்குள் மெதுவாகப் போட்டான். கோல் கொடுத்த அம்பயர், சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் வந்து சொன்னார்: "சார், ஓவர்டைம் கொடுத்தா மிச்சத்தை ஆடுவாங்களா?"

வெளியே வராத மனுஷன்

லீக் தொடங்கியது. முதல் ஆட்டம் கஷ்டப்பட்டு ஜெயித்தோம், இரண்டாவது டிரா, மூன்றாவதில் தோற்றோம். எல்லாவற்றிலும் ஒரே நோய்: கடைசிக் கால்பகுதியில் கோல் வாங்குவது. இந்த ஆட்டத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். களைத்தவன் கோட்டுக்கு வெளியே வர, ஓய்வெடுத்தவன் உள்ளே போவான். மற்ற டீம்கள் அப்படித்தான் ஆடின. எங்கள் டீமில் மட்டும் செல்லத்துரை ஒரு நிமிஷம்கூட வெளியே வர மாட்டார். பெள்ளியப்பா கை காட்டுவார், இவர் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார். கேப்டனே வராதபோது மற்றவர்கள் எப்படி வருவார்கள்? ஒவ்வொருவருக்கும் மார்ச் மாசம் கழுத்தில் தொங்கியது. தான் வெளியே இருக்கும்போது தோற்றுவிட்டால் என்ற பயம். அப்படியே ஒருவன் வெளியே வந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு ஓடி வருவான். அவன் மறித்துக்கொண்டிருந்த ஆள் அந்த இடைவெளியில் சுதந்திரமாகப் போய் கோல் அடிப்பான்.

தோற்ற அன்று திரும்பும் வழியில் நான் மெல்லப் பேச்சைத் தொடங்கினேன். "கொஞ்சம் வெளிய வந்து மூச்சு வாங்கினா என்ன செல்லத்துரை?" என்றேன். ஜன்னலைப் பார்த்தபடியே பதில் சொன்னார்: "நா வெளிய ஒக்காந்தா மனசு கெடந்து அடிக்கு சார். எம் புள்ளைய யாரோ தூக்கிட்டுப் போற மாதிரில்லா இருக்கு."

மூணாம் லைனில் ஒரு பாடம்

மறுநாள் பயிற்சி இல்லை என்றார் பெள்ளியப்பா. பதிலாக மொத்த டீமையும் கூட்டிக்கொண்டு மெஷின் ஷாப்புக்குள் வந்து, ஷிப்ட் மாறுகிற நேரத்தில் மூணாம் லைன் பக்கம் நிற்க வைத்தார். எங்களுக்கு தினமும் நடக்கிற காட்சி, அதனால் யாருமே பார்க்காத காட்சி. வேலை முடிந்தவன் அப்படியே போய்விட முடியாது. ரிலீவர், அதாவது அடுத்த ஷிப்டில் அந்த மெஷினை எடுக்கிற ஆள், வர வேண்டும். வந்தவனிடம், டூல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, சூட்டைத் தணிக்கிற கூலன்ட் குறைவு, இந்தப் பீஸில் அளவு கொஞ்சம் விலகுகிறது, பார்த்துக்கொள் என்று சொல்ல வேண்டும். வந்தவன் "எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லி மெஷினில் கை வைத்த பிறகுதான் இவன் நகர்வான். அந்த ஒரு வார்த்தை சொல்லாவிட்டால், பஸ் போய்விட்டாலும் போக மாட்டான்.

பெள்ளியப்பா அதைப் பார்த்தது சாதாரணமாகத்தான். வந்த நாளிலிருந்து கேன்டீனுக்குப் போகும் வழியில் பார்த்திருக்கிறார். ஆனால் அதை ஹாக்கியோடு சேர்த்துப் பார்க்க அந்த மனுஷனுக்குத் தோன்றியதே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் அடங்கவில்லை. அன்று முதல் டீமில் சட்டம் மாறியது. களைத்தவன் தானே கை தூக்க வேண்டும், களைப்பை மறைப்பதுதான் பெரிய குற்றம். கோட்டருகே எதிர்ப்படும்போது தான் மறித்தவனின் குணத்தை ஒரு வரியில் சொல்ல வேண்டும். வருகிறவன் "எடுத்துக்கிட்டேன்" என்ற பிறகே கோட்டைத் தாண்ட வேண்டும். ஒடிசாப் பையன்களும் அந்த ஒரு தமிழ் வார்த்தையைச் சுத்தமாகச் சொன்னார்கள். அதன் பிறகு நடந்த ஆட்டங்களில் கடைசிக் கால்பகுதியில் நாங்கள் கோல் வாங்கவே இல்லை. எதிர் டீம் நாக்குத் தள்ளி நிற்கும்போது எங்கள் ஆட்கள் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி ஓடினார்கள். செல்லத்துரை மட்டும் இன்னும் கை தூக்கவில்லை. கோச் கூப்பிட்டால் வருவார், தானாக வர மாட்டார். மூணாம் லைனில் அன்றைக்கு பெள்ளியப்பா சொன்னதும் முக்கியமாக அவருக்குத்தான்: "நோடு செல்லா, மெஷினை இன்னொருத்தன் கைல கொடுக்கறே. உன் டீமை யாகே, ஏன் கொடுக்க மாட்டேங்கறே?"

கடைசி நிமிஷங்கள்

ஃபைனல் அதே பேங்க் டீமோடு. மேடமே வந்து உட்கார்ந்திருந்தார். அவர்களுடைய ஒன்பதாம் நம்பர், அந்த லீக்கிலேயே அதிக கோல் அடித்தவன். செல்லத்துரை அவனை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு ஒரு வழி பண்ணிவிட்டார். கடைசிக் கால்பகுதியில் இரண்டுக்கு ஒன்று என்று நாங்கள் முன்னால் இருந்தோம். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

முடிய இன்னும் சில நிமிஷங்கள். செல்லத்துரை குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டார். நடையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, பெள்ளியப்பாவுக்கும் தெரியவில்லை என்று பிறகு சொன்னார். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மறைத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இத்தனை வருஷம் காத்திருந்தது அந்தச் சில நிமிஷங்களில் இருந்தது. அவர் கையைத் தூக்கினார்.

பெஞ்சிலிருந்து எழுந்தவன் முனிராஜு, கெலமங்கலத்துக்காரன், டீமில் இளையவன். அவன் முகம் வெளுத்துவிட்டது. கோட்டருகே வந்ததும் செல்லத்துரை அவன் தோளைப் பிடித்து, "எலே முனி, அவன் வலப்பக்கம் காட்டிட்டு இடப்பக்கம் போவான். ஸ்டிக்கப் பாக்காத, இடுப்பப் பாரு" என்றார். முனிராஜு தலையாட்டினான். செல்லத்துரை நகரவில்லை. அங்கே ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒன்பதாம் நம்பர் தனியாக நிற்கிறான், நான் வெளியிலிருந்து கத்துகிறேன். முனிராஜு ஸ்டிக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, "எடுத்துக்கிட்டேண்ணா" என்றான். அதன் பிறகுதான் இவர் கோட்டைத் தாண்டினார். வந்து பெஞ்சில் உட்கார்ந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

கடைசி நிமிஷத்தில் பந்து ஒன்பதாம் நம்பருக்குத்தான் போனது. வலப்பக்கம் காட்டினான். முனிராஜு அசையவில்லை. இடப்பக்கம் வெட்டினான். அங்கே முனிராஜுவின் ஸ்டிக் இருந்தது. அழகான அடி இல்லை, வீட்டுக்குள் வந்த பாம்பை அடிக்கிற மாதிரி ஓங்கி ஒன்று போட்டான், பந்து பக்கக் கோட்டைத் தாண்டி விளம்பரப் பலகையில் மோதியது. அத்தோடு ஆட்டம் முடிந்தது. நான் அழுதேன். எச்.ஆர். ஆட்கள் அழுவார்களா என்று கேட்காதீர்கள். எல்லாரும் முனிராஜுவைத் தூக்கப் போனார்கள். அவன் அவர்களைத் தள்ளிக்கொண்டு நேராக பெஞ்சுக்கு ஓடி வந்து, துண்டுக்குள் இருந்த தலையிடம் குனிந்து சொன்னான்: "அண்ணா, திரும்புண்ணா. எடுத்துக்கிட்டது பத்திரமா இருக்கு."

மேடம் கேட்டுவிட்டார்

மேடம் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். அடுத்த வாரமே பதினெட்டு பேரையும் வரிசையாகக் கூப்பிட்டு, ஆர்டரை அவர் கையாலேயே கொடுத்தார். செல்லத்துரை முறை வந்தபோது காகிதத்தை நீட்டியவர், கொடுக்காமல் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டார். ஃபைனல் நாளிலிருந்து எனக்குக் கேட்க வேண்டும் போலிருந்து, கேட்கத் தைரியம் வராமல் இருந்த கேள்வியை அவர் கேட்டார்: "அத்தனை தூரம் வந்துட்டு, கடைசில வெளிய வர்றதுக்கு எப்படிங்க உங்களுக்கு மனசு வந்துச்சு?"

செல்லத்துரை யோசித்தார். பெரிய பதிலாக ஏதோ வரப்போகிறது என்று நானும் பெள்ளியப்பாவும் காத்திருந்தோம். அவர் காகிதத்தின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "வரல மேடம். ஆனா நா உள்ள நின்னுருந்தா, எம் பொண்டாட்டி புள்ள கோயில்பட்டியிலயேல்லா நின்னுருக்கும்."

இப்போது மற்ற கம்பெனிக்காரர்கள் என்னிடம் வந்து சாம்பியன் டீமை எப்படி உருவாக்கினீர்கள் என்று கேட்கும்போது நானும் கூச்சமில்லாமல் ஒரு மணி நேரம் பேசுகிறேன், அந்த வருஷம் முழுக்க நான் செய்தது இடைவேளைகளில் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தது மட்டும்தான், அதிலும் கொட்டை எடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்வதில்லை.