அமாவாசையன்று பூட்டிய சலங்கை

கண்டனூர் மலையாண்டி ஆசாரியின் மகள் நாகவல்லிக்கு, 1970-இல் பி.யு.சி. முடித்த கையோடு இரண்டு இடங்களில் படிக்க வழி இருந்தது. ஒன்று சென்னையில் ஒரு நாட்டியப் பள்ளி. மூன்று வருஷமும் பரதம்தான், பட்டம் கிடையாது. மற்றொன்று மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரி. அங்கே பி.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்துவிட்டது. பட்டப்படிப்புப் படிக்கிறவர்களில் சிலர் மட்டும் சாயங்கால வகுப்பில் நாட்டியமும் படிக்கலாம். அதற்குத் தனியாக ஆடிக்காட்டித் தேற வேண்டும்.

சென்னை என்றதுமே ஆசாரி கையை விரித்துவிட்டார்.

“ஆட்டத்தை மட்டும் படிச்சிட்டு வந்தா நாளைக்கு யாருத்தா உனக்கு வேலை குடுப்பாக? ஒரு டிகிரி வேணும்ல.”

நாகவல்லிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவளுக்குக் கணக்குப் பிடிக்கும். ரசாயனம் அதைவிடப் பிடிக்கும். ஆனால் காரைக்குடிப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பாட்டு டீச்சரிடம் கற்ற ஆட்டத்தை இத்தோடு போதும் என்று விட அவளால் முடியாது. ஆகவே எல்லாம் அந்தச் சாயங்கால வகுப்பில் வந்து நின்றது. கிடைத்தால் இரண்டும் உண்டு. கிடைக்காவிட்டால் ஆட்டத்துக்கு முழுக்கு.

ஆனி மாதம் கல்லூரியிலிருந்து கார்டு வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சலங்கையுடன் வரவும் என்று எழுதியிருந்தது. அம்மா முத்தழகு காலண்டரைப் பார்த்துவிட்டு, “அன்னைக்கு அமாவாசைல்ல” என்றாள். மேற்கொண்டு யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அமாவாசைக்கு ஆசாரி வீடுகளில் கருவியைத் தொடமாட்டார்கள். முந்தின நாள் பொழுது சாய, உளி, இழைப்புளி, வாள் எல்லாவற்றையும் துடைத்துப் பெட்டியில் வைத்து, குங்குமப் பொட்டு வைத்துப் பூட்டிவிடுவார்கள். அமாவாசை கழிந்துதான் பெட்டி திறக்கும். கல்யாண வீட்டில் நிலைக்கதவு அரைகுறையாக நின்றாலும், வேலை கொடுத்த செட்டியார் காத்துத்தான் ஆகவேண்டும்.

நாகவல்லியின் சலங்கை அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. நாலு வருஷம் முன்னால் பரணில் கிடந்த சலங்கையின் தோலை எலி கடித்துவிட்டது. ஆசாரி புது வார் வைத்துத் தைக்கச் சொல்லி வாங்கிவந்து, “இனிமே என் பெட்டியிலயே கிடக்கட்டும், எலி அண்டாது” என்று இழைப்புளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் வேலையை நிறுத்தியதும் இழைப்புச் சுருளைக் கூட்டி ஓரம் தள்ளிவிட்டு, பட்டறையிலேயே அவள் ஆடிப் பழகுவாள். முடித்ததும் சலங்கை பெட்டிக்குத் திரும்பிவிடும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் பட்டறைக்குப் போனாள். ஆசாரி குங்குமக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, பூட்டுறதுக்கு முன்னாடி சலங்கையை எடுத்துக் குடுத்துருங்க.”

“அதெப்படித்தா? பொட்டு வச்சாச்சே. இதுவும் கருவிதானே. நாளைக்குத் தொடக்கூடாது.”

அடுப்படியிலிருந்து முத்தழகு வந்துவிட்டாள்.

“என்ன பேசுறீக? அப்ப அருவாமனையும் கருவிதான். நாளைக்கு நான் காய் நறுக்காம உக்காந்துக்கிறேன். விரதச் சாப்பாடு எங்கேன்னு கேட்டுக்கிட்டு வந்துறாதீக.”

“அது வேற, இது வேற.”

“அவ பேனா? அங்க ஒரு கையெழுத்துப் போடச் சொன்னா, அமாவாசை, மாட்டேன்னு சொல்லிட்டு வரட்டுமா?”

“பேனா பெட்டியில இல்லையில்ல. இதுக்குள்ள இருக்கது பூராம் கருவி.”

“எலிக்குப் பயந்துல்ல உள்ள வச்சீக!”

“எதுக்கு வச்சா என்ன? நாலு வருசமா மாசாமாசம் நான்தான் இதுக்கும் பொட்டு வச்சிருக்கேன். இன்னைக்கு மட்டும் இது கருவி இல்லைன்னு எந்த வாயால சொல்றது?”

அவர் கோபமாகப் பேசியிருந்தால் நாகவல்லியும் சண்டை போட்டிருப்பாள். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் அவளை மிரட்டியது.

“ஆடப் போகாதேங்கிறீகளாப்பா?”

“யாரு சொன்னா? விடியக்காலை பஸ்ஸுக்கு நானும்ல வாறேன். சலங்கை வேணாம்னுதான் சொல்றேன்.”

பெட்டி பூட்டப்பட்டது. இரவல் கேட்கலாம் என்றால் பாட்டு டீச்சர் லீவுக்குச் சொந்த ஊர் போயிருந்தார்.

மதுரையில் கல்லூரி வராந்தா முழுக்கப் பெண்கள் குனிந்து சலங்கை கட்டிக்கொண்டிருந்தார்கள். நாகவல்லி வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்றாள். அவள் முறை வந்தது. உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள்தான் நாட்டிய வகுப்புக்குத் தலைமை; தாளம் தட்டும் கழி அவர் கையில் இருந்தது.

“சலங்கை எங்கம்மா? கார்டுல எழுதியிருந்தோமே.”

வாசலில் மஞ்சள் பையோடு நின்ற ஆசாரிதான் பதில் சொன்னார்.

“நாங்க ஆசாரி வீடுங்க. இன்னைக்கு அமாவாசை, கருவி தொடமாட்டோம். பெட்டியில பூட்டியிருக்குங்க.”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கீழே இறக்கி அவரைப் பார்த்தார்.

“சலங்கையைப் பூட்டினீங்க, சரி. காலை மட்டும் ஏன் வெளிய விட்டீங்க?”

வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஆசாரியும் சிரித்துவிட்டார். “காலு அவளதுங்க. அதைப் பூட்ட என்கிட்ட ஏது பெட்டி?”

“நல்லாத்தான் பேசுறீங்க. சரிம்மா, ஆடு, பாப்போம்.”

கழி பலகையில் விழ ஆரம்பித்தது. முதல் காலமும் இரண்டாம் காலமும் சுத்தமாக வந்தன. மூன்றாம் காலத்தில், வேகம் கூடியபோது, இடது கால் ஒரு தட்டை விட்டுவிட்டது. தரையில் வெறும் பாதத்தின் சத்தம் மட்டுமே இருந்ததால் அந்த இடத்தில் விழுந்த ஓட்டை எல்லோருக்கும் கேட்டது. அவள் நிற்கவில்லை. அடுத்த தட்டில் தாளத்தோடு சேர்ந்துகொண்டு ஆடி முடித்தாள். முடித்து நின்றபோது, போயிற்று என்றே நினைத்தாள்.

“மூணாம் காலத்துல என்னாச்சு?”

“இடது கால் ஒரு தட்டு விட்டுருச்சு டீச்சர். அடுத்ததுல சேந்துக்கிட்டேன்.”

“சலங்கை கட்டியிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காது” என்று பக்கத்தில் இருந்தவரிடம் அந்த அம்மாள் சொன்னார். அது குறையா நிறையா என்று நாகவல்லிக்குப் புரியவில்லை. “பி.எஸ்ஸி.யில என்ன எடுக்கப்போறே?”

“கெமிஸ்ட்ரி.”

“வாரத்துல ரெண்டு நாள் லேப் அஞ்சு மணிக்கு மேலயும் இழுக்கும். நம்ம வகுப்பு நாலரைக்கு. போன வருஷம் சேந்த கெமிஸ்ட்ரிப் பிள்ளைக பாதியிலயே நின்னுட்டாங்க. கணக்குன்னா லேப் கிடையாது. கணக்கு எடுத்துக்கிறியா?”

ரசாயன லேபில் குழாய்க்குள் நிறம் மாறுவது அவள் கண்முன் வந்து போனது. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர், உன் பாடு என்பதுபோல் பையின் காதைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“எடுத்துக்கிறேன் டீச்சர்.”

“அப்ப உனக்கு இடம் உண்டு. திங்கக்கிழமை சலங்கையோட வா.” பிறகு வாசலைப் பார்த்து, “திங்கக்கிழமை உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?” என்றார்.

“இல்லைங்க, இல்லைங்க. நாளைக்கே பெட்டி தொறந்துரும்.”

வெளியே வந்ததும் நாகவல்லி வராந்தாப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆசாரி அவளுக்கு இட்லி வாங்கிக் கொடுத்து, விரதம் என்று தான் ஒரு காப்பியோடு நிறுத்திக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் திருப்பத்தூர் வரை அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள். அந்த மாதத்தில் அவள் தூங்கிய நல்ல தூக்கம் அதுதான்.

மூன்று வருஷமும் சுலபமாக ஓடவில்லை. நாட்டிய வகுப்பு முடிந்து ஹாஸ்டலுக்கு வந்தால் கண் சொக்கும். கணக்குப் புத்தகத்தை விடியற்காலையில்தான் திறப்பாள். இரண்டாம் வருஷம் ஒரு தாள் போய்விட்டது. “கணக்கைத் தேறிட்டு மேடையேறு” என்று அதே அம்மாள் ஆண்டுவிழாவில் அவளை உட்கார வைத்துவிட்டார். அழுதுகொண்டே படித்து செப்டம்பரில் தேறினாள். 1973-இல் பட்டமும் நாட்டியச் சான்றிதழும் சேர்ந்தே வந்தன. பி.எட். முடித்து காரைக்குடியில் கணக்கு டீச்சரானாள். பள்ளியில் ரசாயன லேப் பக்கம் போகும்போது ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான்.

அதன் பிறகு புதுவயலில் ஒரு ரைஸ் மில் மேனேஜருக்கு அவளைப் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை, சாயங்காலம் அவள் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கச் சம்மதித்த பிறகுதான் ஆசாரி தாம்பூலம் மாற்றினார். அவர் செய்து கொடுத்த சாமான்களில், கட்டில் பீரோவோடு, பூட்டு வைத்த ஒரு சின்னத் தேக்குப் பெட்டியும் இருந்தது. உள்ளே சலங்கை.

“இது எலிக்கா, அமாவாசைக்கா?” என்று முத்தழகு கேட்டாள்.

“ரெண்டுக்குந்தான்” என்று சொல்லி, சாவியை மகள் கையில் கொடுத்தார் ஆசாரி.