நெல்லி மரத்தடியில் திரும்பி வந்த பசி

எழுதிப் பழக்கம் இல்லாதவள் நான். நகரிப் பக்கத்து ஊரில், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்ததோடு சரி. எழுத்து கோணலாகப் போகும், நடுவில் சிலது மறந்தும் போகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். தீபாவளி கழிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் ரோட்டில், புத்தலப்பட்டுப் பக்கம் ஒரு மாந்தோப்பு.

அந்த வருடம்தான் மகன் என்னை ஊரிலிருந்து திருப்பதிக்கு அழைத்து வந்தான். திருச்சானூர் ரோட்டில், மூன்றாவது மாடியில் வீடு. வந்த பத்தாம் நாளே எனக்கு விஷக்காய்ச்சல். காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. போகும்போது பசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோற்றைப் பார்த்தாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். இரண்டு மாதம் கஞ்சித் தண்ணியும் மாத்திரையும்தான். கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. எழுந்து ஜன்னலைப் பார்த்தால் எதிர் வீட்டுச் சுவர் தெரியும். அதனால் எழுந்திருப்பதையும் விட்டுவிட்டேன்.

கடைசியாகப் போனபோது டாக்டர் எடை பார்த்துவிட்டு மகனிடம், "செவ்வாய்க்கிழமை வாங்க. அதுக்குள்ள சாப்பிட ஆரம்பிக்கலைன்னா அட்மிட் பண்ணிடலாம். மூக்கு வழியா ட்யூப் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டார். எனக்குச் சாவுக்குக்கூட அவ்வளவு பயமில்லை. மூக்கில் குழாயோடு நாலு பேர் பார்க்கப் படுத்திருப்பதை நினைத்துத்தான் பயம். நான் மற்றவர்கள் முன்னால் சாப்பிட்டே பழகாதவள். கல்யாண வீட்டில்கூட கடைசிப் பந்தியில், ஓரமாகச் சுவரைப் பார்த்து உட்காருவேன்.

அந்தச் செவ்வாய்க்கு முன்னால் வந்த ஞாயிறு அன்று எங்கள் குடியிருப்புக்காரர்கள் பஸ் வைத்து வனபோஜனம் போனார்கள். தெலுங்குக்காரர்களுக்குத் தீபாவளி முடிந்ததுமே கார்த்திகை பிறந்துவிடும். அந்த மாதத்தில் எல்லோரும் தோப்பு துரவு என்று போய், நெல்லி மரத்துக்கு விளக்கேற்றிக் கும்பிட்டு, அதன் அடியிலேயே இலை போட்டுச் சாப்பிடுவார்கள். நெல்லியை அவர்கள் உசிரி என்பார்கள்.

மகனுக்கு என்னை அழைத்துப் போக இஷ்டமில்லை. "அவ்ளோ தூரம் பஸ்ல குலுங்கிக்கினு போனா அம்மாவுக்குத் தாங்குமா?" என்றான்.

மருமகள் விடவில்லை. "ரூம்லயே படுத்துக்கினு செவுத்தப் பாத்துக்கினு இருந்தா மட்டும் தாங்குதா? மேல காத்தாவது படட்டும். நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டு எனக்குத் தலைவாரிவிட்டாள்.

தோப்பில் எங்களைப் போல இன்னும் ஏழெட்டுக் கூட்டம் வந்திருந்தது. மாமரங்களுக்கு நடுவே ஆங்காங்கே நெல்லி மரமும் இருந்தது. மரத்துக்கு மரம் பாய், அடுப்பு, மைக். எங்கள் கூட்டத்துப் பெண்கள் மியூசிக்கல் சேர் ஆட என்னைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். எனக்கு அவர்களில் ஒரு முகமும் பழக்கமில்லை. வெட்கமாகிவிட்டது. கால் கழுவி வருகிறேன் என்று மெதுவாக நழுவிவிட்டேன்.

தோப்புக்குப் பின்னால் ஓடை. மழை பெய்து ஓய்ந்த சமயம், தண்ணீர் தெளிந்து ஓடியது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். உள்ளங்காலில் மணல் நகர்ந்ததும் உடம்பு முழுக்க ஒரு சிலிர்ப்பு. சின்னச் சின்ன மீன்கள் வந்து விரலைக் கடித்தன. நான் தனியாக நின்று சிரித்தேன். கரையோரம் பார்த்தால் பொன்னாங்கண்ணி, தளதளவென்று ஒரு பாய் அளவுக்கு. நிலத்தில் பாடுபட்ட கை சும்மா இருக்குமா? குனிந்தேன். ஒரு கொழுந்து, இன்னொரு கொழுந்து என்று மடி நிறையக் கிள்ளிவிட்டேன். பக்கத்தில் விழுந்து கிடந்த நெல்லிக்காய் ஒன்றையும் துடைத்து வாயில் போட்டுக்கொண்டேன். எவ்வளவு நேரம் போனது என்றே தெரியவில்லை.

நிமிர்ந்தபோது வயிற்றில் சுருக்கென்று ஒரு பிடி. பிறகு உள்ளே யாரோ கிள்ளுவது போல. கை கால் லேசாக நடுங்கியது. காய்ச்சல்தான் திரும்பி வந்துவிட்டது, செவ்வாய்க்கிழமைவரைகூடத் தாங்காது போலிருக்கிறது என்று பயந்துபோய் வேகவேகமாகத் தோப்புக்குள் வந்தேன். ஒரு நெல்லி மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நம் கூட்டம்தான் என்று ஓரத்துப் பாயில் விழாத குறையாக உட்கார்ந்தேன்.

பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மா, "கூச்சோண்டி அவ்வா, கூச்சோண்டி" என்று தெலுங்கில் பாட்டி முறை வைத்துக் கூப்பிட்டு, நன்றாக உட்காரச் சொல்லி, முன்னால் ஒரு தையல் இலையை வைத்துவிட்டாள். புளியோதரை வந்தது. வடை வந்தது. கொஞ்சமாவது வாயில் வைக்காவிட்டால் மரியாதை இல்லையே என்று ஒரு கவளம் எடுத்தேன்.

தொண்டை அடைக்கவில்லை.

இன்னொரு கவளம். வயிற்றில் பிடித்த பிடி கொஞ்சம் தளர்ந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அது நோவு இல்லை, பசி! இரண்டு மாதத்தில் அதன் அடையாளமே எனக்கு மறந்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சோறு, பப்பு என்று அவர்கள் சொல்லும் பருப்பு, கத்தரிக்காய் வறுவல், புளிச்சக்கீரைத் துவையல். மேலேயிருந்து நெல்லியின் பொடி இலைகள் சோற்றில் உதிர்ந்தன, அதையும் சேர்த்தே பிசைந்தேன். வாளி தூக்கி வந்தவர் "பப்பு, பப்பு" என்று போகும்போதெல்லாம் என் கை தானாக நீண்டது.

அந்த நேரத்தில்தான் தோப்பின் அந்தக் கோடியிலிருந்து மைக்கில் என் மகன் குரல் கேட்டது. தெலுங்கில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. "எங்கம்மாவைக் காணோம். நீலப் புடவை. ரொம்ப மெலிஞ்சிருப்பாங்க. ரெண்டு மாசமா சரியா சாப்பிடல. எங்கியாவது மயங்கி விழுந்து கெடந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க." கடைசியில் குரல் உடைந்துவிட்டது.

நீலப் புடவையைக் குனிந்து பார்த்தேன். அப்படியானால் இது யார் பந்தி? வரிசையில் இருந்த அத்தனை பேரும் என்னையும் என் இலையையும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாளிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இந்த அவ்வாவா சாப்பிடாதவங்க? மூணு வாட்டி பப்பு வாங்கிட்டாங்களே! இன்னும் ரெண்டு பேர் இப்படி சாப்பிடாதவங்க வந்தா நாங்க பட்டினிதான்!"

பந்தியே சிரித்தது. எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. கையை உதறி எழுந்திருக்கப் பார்த்தேன். பச்சைப் புடவை அம்மா தோளைப் பிடித்து அழுத்தினாள். நான் தமிழ் என்று தெரிந்ததும் அவளும் தமிழிலேயே பேசினாள். "எந்திரிக்காதீங்க அவ்வா. உசிரி மரத்துக்குக் கீழ எலை போட்டாச்சுன்னா, நீ யாருன்னு நாங்க கேக்கறதில்ல. பூரணம் இன்னும் வரல, அதுக்குள்ள எங்க ஓடறீங்க?"

அவர்களில் ஒருவர் போய்ச் சொல்ல, மருமகள் ஓடி வந்தாள். நாலடி தூரத்தில் அப்படியே நின்றாள். என் வாயைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள். மூச்சு வாங்க என் பக்கத்தில் உட்கார்ந்து, பச்சைப் புடவை அம்மாவிடம், "அக்கா, எனக்கும் ஒரு எலை போடுங்க" என்றாள். பின்னாலேயே வந்த மகன் மரத்துக்கு அந்தப் பக்கம் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். "நல்லா துன்னும்மா. இன்னும் கொஞ்சம் துன்னு" என்றான். அந்தக் கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நான் நிமிர்ந்து உட்கார்ந்து, பூரணம் என்று அவர்கள் சொல்லும் இனிப்பு உருண்டை இரண்டு சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் நாங்கள் சொன்ன கதையைக் கேட்டுச் சிரித்தார். ட்யூப் வேண்டாம், தினமும் வெளியே நடந்துவிட்டு வந்து சாப்பிடுங்கள் என்றார். அன்றிலிருந்து காலையில் நான் வீட்டில் இருப்பதில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு காலி மனையில் புங்க மரம் இருக்கிறது. அதைச் சுற்றி நடப்பேன், கிடைத்த கீரையைப் பறிப்பேன். போன வருடம் கண் ஆபரேஷன் முடிந்து படுத்தபோது மறுபடியும் சோறு கசந்தது. இந்தத் தடவை நான் பயப்படவில்லை. டாக்டரைக் கேட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு மருமகள் கையைப் பிடித்துப் புங்க மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தேன். நாலாம் நாள் இட்லி மூன்று இறங்கியது.

மருந்தும் வேண்டும், டாக்டரும் வேண்டும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மண்ணும் தண்ணியும் பச்சையும் தொட்டால்தான் உயிரோடு இருக்கிறோம் என்பது என் உடம்புக்கே ஞாபகம் வருகிறது. அன்று எனக்கு இலை போட்டவர்களின் ஊரும் பேரும் கேட்காமல் வந்துவிட்டேன். அந்தத் தோப்பு புத்தலப்பட்டுக்கு இந்தப் பக்கமா, தாண்டியா என்பதும் எனக்குச் சரியாகத் தெரியாது. அவர்களில் யாராவது இதைப் படித்தால், நான் எழுதியதில் தப்பு இருந்தால் திருத்திச் சொல்லுங்கள். நான் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறேன் என்பதில் மட்டும் தப்பில்லை.