'வேண்டாம்' என்பதை முன்னால் வைக்கச் சொன்ன மலர்

மலர் இறந்துவிட்டார்.

மதியம் அவர் கணவர் போன் செய்தார். மூன்று வாரமாகக் காமாலை... திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். "மலரு காலையில போயிடுச்சுங்க" என்றவர், அதற்கு மேல் முடியாமல் வைத்துவிட்டார்.

உங்களில் பலருக்கு மலரைத் தெரியாது. பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் விவசாயிகளுக்காக ஒரு மொபைல் ஆப் நடத்துகிறோம். அதில் இருக்கும் தமிழ் முழுக்க அவர் எழுதியது.

நான் புரோகிராம் எழுதுபவன். ஐந்து வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இருவருக்கும் ஒரே வயது. தினமும் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்து, எனக்கு முன்பே சீட்டில் இருப்பார்.

அவர் சேர்வதற்கு முன், ஆங்கில வரிகளை மெஷினில் போட்டு எடுத்த தமிழைத்தான் ஆப்பில் வைத்திருந்தோம். 'உன் பெயரை உள்ளிடு.' 'உன் ஊரைத் தேர்ந்தெடு.' மலர் முதல் வாரம் முழுக்க உட்கார்ந்து எல்லா 'உன்'னையும் 'உங்கள்' ஆக்கினார்.

பட்டனில் இடம் போதவில்லை, 'உன்' என்றே இருக்கட்டுமே என்றேன்.

"எங்கப்பா அடுத்தவங்க காட்டுலயே வேலை பாத்தவருங்க. அவர யாரும் 'நீங்க'ன்னு கூப்புட்டு நான் கேட்டதில்ல. இந்த போனாவது கூப்புடட்டும்."

பட்டனைப் பெரிதாக்கினேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், போன் திரையில் தானாக வந்து நிற்கும் எச்சரிக்கை மெசேஜ்களைச் சேர்த்தோம். அதில் ஒன்று, 'மக்காச்சோளக் களை மருந்தை வெங்காயத்தில் தெளிக்க வேண்டாம்.'

ரிலீஸுக்கு முதல் நாள் மலர் தன் போனில் எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு வந்து காட்டினார். 'மக்காச்சோளக் களை மருந்தை வெங்காயத்தில் தெளிக்க...' என்பதோடு வரி நின்றுவிட்டது.

"இங்கிலீஷ்ல 'வேண்டாம்'ங்கிறது முதல்லயே வந்துடுது. நமக்குக் கடைசியிலதான வரும். அதையே வெட்டிடுதே கார்த்தி."

"தொட்டா முழு மெசேஜும் வருமே."

"தொடாதவங்க?"

'வேண்டாம்' என்பதை முன்னால் கொண்டு வர வேண்டும், நீளமான வரி இரண்டாக மடங்கித் தெரிய வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும், ரிலீஸ் இரண்டு நாள் தள்ளிப்போகும்.

"அடுத்த அப்டேட்ல பாத்துக்கலாம் மலர்" என்றேன். அப்படியே அனுப்பினேன்.

பத்து நாள் இருக்கும். குன்னம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து போன். அஞ்சலை என்ற அம்மா. அரை ஏக்கர் சின்ன வெங்காயம்... தாள் எல்லாம் கருகிவிட்டது.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "இந்தத் தமிழ யாரு எழுதுனது?"

"நான் எழுதுனதுதான் சார்" என்றார் மலர்.

எழுதியது அவர்தான். எச்சரித்தது யார், அனுப்பியது யார் என்று மேனேஜர் கேட்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் வரவில்லை.

மறுநாள் இருவரும் பஸ் பிடித்துப் போனோம். அஞ்சலை அம்மா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. போனை எடுத்து வந்து மலரிடம் நீட்டினார்.

"எனக்கு எழுத்துக் கூட்டித்தாம்மா படிக்கத் தெரியும். ரெண்டு தடவ கூட்டிப் பாத்தேன். 'தெளிக்க'ன்னுதான் போட்டிருந்துச்சு. நான் தப்பாப் படிச்சுட்டனா?"

"இல்லம்மா. நீங்க சரியாத்தான் படிச்சீங்க. தப்பு எங்க மேல."

சொல்லிவிட்டு மலர் வரப்பில் உட்கார்ந்து அழுதார். அஞ்சலை அம்மாதான் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

திரும்பி வந்ததும் ஒவ்வொரு மெசேஜாக எடுத்து மாற்றினார். 'வேண்டாம்: வெங்காயத்துக்கு மக்காச்சோளக் களை மருந்து.' வரி மடங்குவதை நான் சரிசெய்தேன். அடுத்த பட்டத்துக்கு அஞ்சலை அம்மாவுக்கு விதை வெங்காயம் போய்ச் சேரும்வரை மலர் மேனேஜரை விடவில்லை.

அந்தப் பட்டம் நன்றாகவே விளைந்தது. ஆனால் போனில் எது வந்தாலும் அந்த அம்மா இப்போது தானாகப் படிப்பதில்லையாம். யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறாராம். இதைச் சொல்லும்போது மலருக்குக் குரல் இறங்கிவிடும்.

என்னிடம் அந்த ரிலீஸ் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. தன் டப்பா மூடியில் பாதி புளிசாதத்தை வைத்து என் பக்கம் நகர்த்துவதையும் நிறுத்தவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கண்ணெல்லாம் மஞ்சள்... கை குச்சியாக இருந்தது.

"மலர், அன்னைக்கு மேனேஜர் ரூம்ல..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் நர்ஸ் ஊசியோடு வந்துவிட்டார்.

"அப்பறம் பேசிக்கலாம் கார்த்தி. மொதல்ல டிஸ்சார்ஜ் ஆயிட்டு வரேன்."

சரி என்று கிளம்பி வந்துவிட்டேன்.

இந்தப் பதிவை மேனேஜர் படிப்பார். ஆபீஸில் எல்லோரும் படிப்பீர்கள். மலர் முன்கூட்டியே சொன்னார். கேட்காமல் அனுப்பியவன் நான்.

மலர் போய்விட்டதை அஞ்சலை அம்மாவுக்கும் போன் செய்து சொன்னேன். "அந்தப் புள்ளையா..." என்றவர், அடக்கம் எப்போது என்று கேட்டார்.

அடக்கம் நாளை காலை, அரியலூரில்.

வருகிறேன், மலர்.