சனிக்கிழமை மட்டும் கடித்த பாம்பு

டெலிபோனில் குகன் அண்ணை அவசரமாகப் பேசினார்.

"தங்கச்சி, கையைப் பிடிச்சிட்டுது. விடுதில்லை."

"இழுக்காதேங்கோ அண்ணை. வாறன்."

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ஹாம் நகரில், வளர்க்க ஏலாமல் ஆட்கள் கொண்டுவந்து விடுகிற பாம்பு, ஆமை, ஓணான்களைப் பராமரிக்கும் நிலையத்தில் எனக்கு வேலை. பஸ் சாரதியான குகன் அண்ணை அடுத்த தெரு. நாய், பூனை முடி அவருக்கு ஒத்துவராது. ஆசைப்பட்டாரே என்று விஷமில்லாத சிறிய மலைப்பாம்பு ஒன்றை நான்தான் சிபாரிசு செய்து கொடுப்பித்தேன். ஏற்கெனவே இரண்டு வீடு பார்த்துத் திரும்பி வந்த பாம்பு. "இங்கிருந்தும் திரும்பி வந்தால், இனி யாருக்கும் கொடுக்க மாட்டேன். சாகும்வரை நம்முடைய பெட்டிக்குள்தான்" என்று எங்கள் நிலையத் தலைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நான் போனபோது பாம்பு அண்ணையின் பெருவிரலைக் கவ்வி, மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. அதன் பல் உள்நோக்கி வளைந்தது. பின்னுக்கு இழுத்தால் சதை கிழியும், பல்லும் முறியும். குழாயின் குளிர்ந்த தண்ணீரைத் தலையில் விட்டு, தலையை மெல்ல முன்னுக்குத் தள்ளினேன். விட்டது. காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, பல் ஏதும் தங்கியிருக்கிறதா என்று பார்த்து, தடுப்பூசிக்கு டொக்டரிடம் போகச் சொன்னேன்.

அவருடைய மனைவி மலர் அக்கா பாம்புப் பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

"கொண்டு போ சுகந்தி. இந்த வெங்கிணாந்திப் பாம்புக்குச் சனி பிடிச்சிருக்கு. போன கிழமையும் சனிக்கிழமைதான் கடிச்சது, அதுக்கு முந்தியும் சனிக்கிழமைதான். வெள்ளிக்கிழமையெண்டால் பூனைக்குட்டி மாதிரிக் கிடக்கும்."

அண்ணை பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. வெள்ளிக்கு ஒரு குணம், சனிக்கு ஒரு குணம் என்று பாம்புக்கு என்ன நாள்காட்டியா தெரியும்? அப்போதுதான் அடுப்படியிலிருந்து வாசம் வந்தது.

"இண்டைக்கு என்ன சமையல் அக்கா?"

"ஆட்டிறைச்சி. வெள்ளி முழுக்க மரக்கறியெண்டதால சனிக்கிழமை விடியவே இவர் இறைச்சி வெட்ட இருந்திடுவார்."

"வெட்டின கையோடயா அண்ணை பாம்பைத் தூக்கினனீங்கள்?"

"தண்ணியில அலம்பினனான்தானே."

பாம்புக்கு மூக்குத்தான் கண். இறைச்சி மணக்கிற சூடான கையை அது சாப்பாடென்று நினைத்திருக்கிறது. அக்கா நம்பவில்லை. அடுத்த சனிவரை ஒரு கிழமை தவணை தாருங்கள் என்று விடாப்பிடியாகக் கேட்டு வாங்கினேன்.

அடுத்த சனியும் போனேன். அண்ணை இறைச்சி வெட்டினார். முழங்கைவரை சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவவைத்தேன். பிறகு பாம்பைத் தூக்கினார். அது அவர் கையைச் சுற்றிக்கொண்டு பேசாமல் கிடந்தது. அக்கா கண் வெட்டாமல் பார்த்தார்.

"சரி, இருக்கட்டும்" என்றார் கடைசியில். "ஆனா விலகினது மணமோ சனியோ ஆருக்குத் தெரியும்? இனிச் சனிக்கிழமையும் மரக்கறிதான்."

அண்ணை அடுப்பைப் பார்த்தார். கையிலிருந்த பாம்பைப் பார்த்தார்.

"ஓம்" என்றார்.

இந்த வேலை பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கடித்த பிறகு கழுவுகிற சோப்பை, பாம்பைத் தூக்க முதலே போடுங்கள். கடித்தால் இழுக்காதீர்கள். மிச்சத்தை வீட்டுக்காரியோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.