வைக்கோலுக்கு வைத்த கொள்ளி

பிள்ளையார் கோயிலில் அன்று காலை ஐந்து பேர் இருந்தோம். பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகளான அக்கா, கலியாணச் சீர்களை முன்நின்று நடத்தும் அருமைக்காரர், நான். என் அப்பா வரவில்லை. பெரியப்பாவுக்குக் கொள்ளி வைத்தவர் அவர்தான்.

பெரியப்பா காலாட்படையில் இருந்தவர். மேற்கு எல்லையில் சண்டை நடந்தபோது, ஆளைக் காணவில்லை என்று தந்தி வந்தது. எட்டு மாதம் கடிதமில்லை. பெரியவர்கள் கூடிப் பேசி வைக்கோலில் ஆள் செய்து எரித்தார்கள். தம்பி என்பதால் அப்பா கொள்ளி வைத்தார். அப்போது அவருக்குப் பதினைந்து வயது. பெரியம்மாவின் தாலியைக் கழற்றினார்கள்.

பெரியப்பா எதிரியின் சிறைமுகாமில் உயிரோடு இருந்தார். விடுதலையாகி வந்தவரிடம் தாலியை மறுபடி கட்டச் சொன்னார்கள். செத்தவன் திரும்பி வந்தால் செய்கிற சடங்கு அது, நான் சாகவில்லை என்று மறுத்துவிட்டார். பிறகு அக்கா பிறந்தாள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேன் ஆனார். முப்பது வருடமாகப் பெரியம்மாவுக்கு வெறுங்கழுத்து. கலியாண வீடுகளில் சமையல் பக்கமே இருந்துவிடுவார்.

அக்காவுக்கு மாப்பிள்ளை நிச்சயமானதும் அருமைக்காரர் வீட்டுக்கு வந்தார். தாலி இல்லாமல் தாய் மணவறை ஏற முடியாது என்றார்.

“ஏனுங்க பட்டாளத்துக்காரரே, துப்பாக்கி புடிச்ச கைக்கு மூணு முடிச்சுப் போட வராதுங்களா?”

பெரியப்பா சிரிக்கவில்லை.

“குண்டு தீந்து போயிக் கையத் தூக்குனமுங்க. அடுத்த நாள்லருந்து தெனமும் வரிசைல நிக்க வெச்சு எண்ணுவாங்க. காச்சல்ல கெடந்தாலும் எந்திரிச்சு நின்னு, இருக்கறேன்னு சொல்லோணும். ஒரு நாள் தப்பாமச் சொன்னனுங்க. இப்பப் போயி, செத்தேன்னு ஒத்துக்கறதா?” என் பக்கம் திரும்பினார். “படிச்சவன் நீ சொல்லு கண்ணு.”

எங்கள் குடும்பத்தில் கல்லூரிவரை போனவன் நான் ஒருவன்தான். நான் பெரியம்மாவைப் பார்த்தேன்.

பெரியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“உங்களையாச்சும் எண்ணுனாங்க. இங்க என்னைய யாருங்க எண்ணுனாங்க?”

வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பெரியப்பா காக்கிச் சட்டையை மாட்டினார். வாசலில் செருப்பைத் தேடியபடி, “காலைல உங்க பெரியம்மாவக் கோயிலுக்குக் கூட்டியாந்துரு” என்று என்னிடம் சொல்லிவிட்டு இரவு வேலைக்குப் போனார்.

வேலை முடிந்து அதே சட்டையோடு வந்தார். மூன்று முடிச்சுப் போட்டார். அக்கா அழுதாள். பெரியம்மா கயிற்றைச் சேலைக்குள் விட்டுக்கொண்டு, “தண்ணி வர்ற நேரமுங்க, போலாம்” என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டைப் பையில் கைவிட்டார்.

“எவ்வளவு ஆச்சு?”

கயிறும் மஞ்சளும் கோயில் வாசலில் நான்தான் வாங்கியிருந்தேன்.

“ஆறு ரூவாங்கப்பா.”